பழைய பிக்கப்புக்கு சீட் பெல்ட்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 1964 மாடல் பிக்கப் ஒன்றை வாங்கிச் சரிசெய்து ஓட்டி வருகிறேன். முன்னால் ஒரே நீள சீட். பெல்ட் கிடையாது, மாட்டுவதற்கு ஓட்டையும் கிடையாது. இரண்டு இடுப்பு பெல்ட் வாங்கி சீட் பிரேமிலேயே போல்ட் போட்டுவிடலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: நண்பர் நல்லவராகத்தான் இருப்பார். இந்த ஒரு யோசனையை மட்டும் கேட்காதீர்கள்.

அந்த சீட்டைக் கீழே குனிந்து பாருங்கள். சில சின்ன போல்ட்டுகளில்தான் தரையோடு நிற்கிறது. பல வண்டிகளில் சாய்மானம் முன்பக்கம் மடியும், அதற்குப் பூட்டும் இருக்காது. பெல்ட்டை அதில் கட்டினால், மோதும்போது உங்கள் எடையோடு சீட்டின் எடையும் சேர்ந்து அந்தப் போல்ட்டுகளை இழுக்கும். பெல்ட் அறாது, சீட்டே பிடுங்கிக்கொண்டு வரும். கொஞ்சம் கணக்கும் போட்டுப் பார்ப்போம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது மோதி, அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றால், 70 கிலோ ஆள் பெல்ட்டை இழுக்கும் விசை ஏறக்குறைய 1,400 கிலோ பாரத்துக்குச் சமம். அமெரிக்க விதிப்படி இடுப்பு பெல்ட்டின் பிடிமானம் 5,000 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 2,270 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும்.

அப்படியானால் கேபின் தரைதான் வழி. பெல்ட் மாட்டுவது சின்ன வேலை, தரையைச் சோதிப்பதுதான் பெரிய வேலை. தரையில் விரித்த மேட் முழுவதையும் எடுத்துவிடுங்கள். நான் இந்த மாதிரி வண்டி வந்தால் முதலில் ஒரு சின்னக் காந்தத்தோடு உட்கார்ந்துவிடுவேன். நல்ல தகட்டில் 'டக்' என்று ஒட்டும். பட்டி பூசி மறைத்த இடத்தில் வழுக்கிக்கொண்டு போகும். அப்புறம் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஓரங்களில் அழுத்திப் பார்ப்பேன், முக்கியமாக சீட்டுக்குப் பின்னால், தரையும் பின்சுவரும் சேரும் மூலையில். தண்ணீர் தேங்கி அரிப்பது அங்கேதான்; நாம் போல்ட் போடப் போவதும் அங்கேதான்! முனை உள்ளே போனால் பெல்ட்டை மறந்துவிட்டு, துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்யுங்கள்.

தரை கெட்டியாக இருந்தால், ஒவ்வொரு போல்ட்டுக்கும் தரைக்கு அடிப்பக்கத்தில் 3 மில்லிமீட்டர் கனத்தில், ஒரு பக்கம் 75 மில்லிமீட்டர் உள்ள சதுர இரும்புத் தகடு கொடுக்க வேண்டும். மூலைகளை உருட்டித் தேய்த்துவிடுங்கள், கூராக விட்டால் இழுபடும்போது தரையைக் கிழிக்கும். வெறும் வாஷர் போதாது, ஓட்டையைப் பெரிதாக்கிக்கொண்டு மேலே வந்துவிடும். போல்ட், பெல்ட்டுக்கென்றே வரும் 7/16 அங்குல, அங்குலத்துக்கு 20 மரை உள்ளது. டப்பாவில் கிடக்கும் ஏதோ ஒன்றைத் தேடி எடுக்காதீர்கள்.

சேஸிஸ் இன்னும் கெட்டியாயிற்றே, அதிலேயே மாட்டலாமே என்று தோன்றும். ஆனால் கேபின், சேஸிஸ் மேல் ரப்பர் மவுண்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. மோதலில் கேபின் ஒரு பக்கமும் சேஸிஸ் ஒரு பக்கமும் நகர்ந்தால், நடுவில் பெல்ட்டோடு கட்டுண்டு கிடப்பது நீங்கள்.

துளை போடுவதற்கு முன் இன்னொன்று: அந்தக் காலத்துப் பிக்கப்புகள் பலவற்றில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், சீட்டுக்குப் பின்னாலேயே இருக்கும். உங்களுடையதும் அப்படியானால் டேங்கைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் டிரில்லைத் தொட வேண்டும். வெல்டிங்குக்கு இது இன்னும் கண்டிப்பு.

கேள்வி: அதே வாசகர். இடுப்பு பெல்ட் போதுமா, தோள் பெல்ட்டும் வேண்டுமா?

பதில்: முடிந்தால் தோளும் சேர்ந்த மும்முனை பெல்ட்டே போடுங்கள். இடுப்பு பெல்ட் உங்களை வண்டிக்குள் வைத்திருக்கும், ஆனால் மேல் உடம்பு மடிந்து முன்னால் போகும். உங்கள் வண்டியில் முன்னால் இருப்பது இரும்பு டேஷ்போர்டு, நெஞ்சுக்கு நேரே மடங்காத ஸ்டீயரிங் தண்டு. வோல்வோவில் நில்ஸ் போலின் 1959-இல் மும்முனை பெல்ட்டைக் கொண்டுவந்ததே உடம்பின் மேல்பாதியையும் சேர்த்துப் பிடிக்கத்தான்.

மேல்முனை தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ, கதவுக்குப் பின்னாலுள்ள தூணில் வர வேண்டும். தரையிலிருந்து கிளம்பி சாய்மானத்தின் மேல் ஏறி வந்தால், மோதும்போது பெல்ட் தோளைக் கீழே அழுத்தி முதுகெலும்பை நசுக்கும். தூணின் தகடு மெல்லியது. உள்ளே நட் வைத்த தகட்டை வெல்டிங் செய்தே ஆக வேண்டும். பின்சுவர் வெறும் தகரம், அதை நம்ப வேண்டாம். பெல்ட்டைச் சுருட்டிக்கொள்ளும் ரிட்ராக்டரைச் சாய்த்து மாட்டினால் உருளை பூட்டிக்கொண்டு பெல்ட் வெளியே வராது. 'பெல்ட் ரிப்பேர்' என்று வருவதில் பாதி இந்தக் கதைதான். அதற்குரிய கோணத்திலேயே மாட்டுங்கள். மோதிய காரிலிருந்து கழற்றிய பெல்ட் யார் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். வேலை முடிந்ததும் உங்கள் ஊர் வாகனச் சோதனை விதிக்குச் சரியாக வருகிறதா என்று காட்டிவிடுங்கள்.

கேள்வி: பின்னால் சரக்குப் பெட்டியிலும் பெல்ட் போட்டுப் பிள்ளைகளை உட்கார வைக்கலாமா?

பதில்: கூடாது. முன் சீட்டில்கூட, சாய்மானத்துக்குப் பூட்டு போட்டு, குழந்தை இருக்கையை ஆடாமல் கட்ட முடிந்தால் மட்டுமே ஏற்றுங்கள். அதுவரை அவர்களுக்கு வேறு வண்டி.