சம்பந்தி வீட்டுக் குலம் கூடுகிறது. பெண் கொடுத்தவர்களுக்கு அங்கே என்ன வேலை?

கேள்வி: என் மகள் பாஸ்டனில் வேலை பார்த்தபோது அங்கேயே ஒருவரை விரும்பித் திருமணம் செய்துகொண்டாள். மருமகன் தங்கமான பிள்ளை. அவர்கள் குடும்பப் பெயர் ஓ'மாலி. ஐந்து தலைமுறைக்கு முன்பு அயர்லாந்திலிருந்து கப்பலேறியவர்களாம். வருகிற ஜூன் மாதம் ஓ'மாலிகள் எல்லோரும் அயர்லாந்தில் கூடுகிறார்கள், நீங்களும் வரவேண்டும், டிக்கெட் என் பொறுப்பு என்கிறார் சம்பந்தி. என் வீட்டுக்காரரோ, "அவர்கள் குலம் கூடுகிற இடத்தில் பெண் கொடுத்தவனுக்கு என்ன வேலை? எல்லாம் சுற்றுலாக்காரர்களின் காசு பிடுங்குகிற ஏற்பாடு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எனக்கு வேறொரு பயம். நான்கு வயதுப் பேரனை அந்தக் குலத்தோடு சேர்க்கிற சடங்கு ஏதாவது இருக்குமோ? போனால் சீர் என்ன கொண்டுபோக வேண்டும்? சம்பந்தி, வம்சாவளியும் குலச்சின்னமும் எடுத்துத் தருகிறோம் என்பவர்களுக்குப் பெருந்தொகை கட்டப் போகிறார். அதையெல்லாம் நம்பலாமா?
— பெயர் வேண்டாம், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வீட்டுக்காரர் பங்குனி உத்திரத்துச் சாஸ்தா கோயிலை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார் என்று நினைக்கிறேன். அங்கே ஒரே சாஸ்தாவைக் கும்பிடுகிற பங்காளிகள் கூடுவார்கள். பொங்கல் பானை யாருடையது, முதல் விபூதி யாருக்கு என்பதெல்லாம் தீர்மானமானது. சம்பந்தி வந்தால் விருந்தாளி, அவ்வளவுதான். அந்தக் கணக்கில் அவர் சொல்வது சரி. ஆனால் மேயோவில் கூடப்போகிற ஓ'மாலிகளில் பாதிப்பேர் ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தக் கூட்டத்தின் காரணமே அதுதான்.

மேயோ, அயர்லாந்தின் மேற்குக் கடற்கரை மாவட்டம். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து, அதையே நம்பியிருந்த ஏழைகள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். 1852 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் நாடு முழுக்கச் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். இன்னும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். 1841-இல் சுமார் 3,88,000 பேர் இருந்த மேயோவில் பத்தே ஆண்டுகளில் 2,74,000 பேர்தான் மிஞ்சினார்கள். ஓ'மாலிகளின் பூர்விக நிலம் இந்த மாவட்டத்தில் கிளூ விரிகுடாவைச் சுற்றி இருக்கிறது. அதன் கரையில், குரோ பேட்ரிக் மலையடிவாரத்து முரிஸ்க்கில், பஞ்சத்தின் தேசிய நினைவுச்சின்னம் நிற்கிறது. 1997-இல் திறந்துவைத்தார்கள். வெண்கலத்தில் ஒரு கப்பல். தூரத்திலிருந்து பார்த்தால் பாய்மரமும் கயிறுமாகத் தெரியும். கிட்டே போனால் கயிறு இருக்க வேண்டிய இடமெல்லாம் மனித எலும்புக்கூடுகள் காற்றில் மிதக்கின்றன. உங்கள் வீட்டுக்காரரை வேறெங்கும் கூட்டிப்போகாவிட்டாலும் அங்கே கூட்டிப்போங்கள். யார் குலத்துக்கு யார் சொந்தம் என்ற வழக்கு கொஞ்சநேரம் ஓய்ந்திருக்கும்.

அங்கே குலத்துக்கு வழங்கும் சொல் 'க்லான்'. ஐரிஷ் மொழியில் அதற்குப் பிள்ளைகள் என்று பொருள். செடி, நாற்று என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நாமும் உறவைக் 'கிளை' என்றுதான் சொல்லிவந்திருக்கிறோம். 'கிளைஞர்' என்றால் சுற்றத்தார். இரண்டுக்கும் மொழித் தொடர்பு கிடையாது. ஆனாலும் இரண்டு ஊர்க்காரர்களும் மரத்தைப் பார்த்தபோது சொந்தக்காரர்களை நினைத்திருக்கிறார்கள்.

பழைய அயர்லாந்தில் இது அசல் பங்காளி முறையாகவே இருந்தது. ஒரே கொள்ளுத்தாத்தாவின் ஆண்வழி வந்தவர்கள் ஒரு வட்டம். நிலத்தில் உரிமை அந்த வட்டத்துக்குள். தலைவர் இறந்தால் மூத்த மகனுக்கே பட்டம் என்ற விதி இல்லை, வட்டத்துக்குள் தகுதியானவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அடிதடியும் கொலையும் நடந்ததுண்டு, பங்காளி என்றால் சும்மாவா! 1607-இல் வடக்கின் பெருந்தலைவர்கள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிப் போனபின் அந்த ஏற்பாடு மெல்ல மெல்ல அழிந்தது. ஆங்கிலேயச் சட்டம் வந்தது, நிலம் கைமாறியது. பலர் பெயருக்கு முன்னால் இருந்த 'ஓ', 'மக்' போன்ற அடைகளைக்கூட உதறிவிட்டார்கள்.

ஆகவே இன்று கூடுவது சங்கம், சந்தா கட்டி உறுப்பினராகிற சங்கம். ஓ'மாலி சங்கம் 1953-இல் தொடங்கியது. தலைவர் பதவி ஓராண்டுக்குத்தான். பெண்களும் தலைவர்களாக இருந்திருக்கிறார்கள். தலைவர் பொறுப்பேற்பது, விருந்து, பாட்டு, வரலாற்று உரை, கோட்டைகளையும் மடாலயத்தையும் சுற்றிப்பார்ப்பது என்று இப்படிப்பட்ட கூட்டங்கள் போகும். சில இடங்களில் திருப்பலியும் உண்டு. அதில் நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், நற்கருணை வாங்க எழுந்துபோக வேண்டியதில்லை. பேரனுக்குத் தண்ணீர் தெளித்துக் கோத்திரம் மாற்றுகிற வேலையெல்லாம் இங்கே நடக்காது. பெயர்ச்சீட்டு ஒன்றைச் சட்டையில் குத்திவிடுவார்கள். குழந்தை அதை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசு விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரர் முழுக்கத் தவறில்லை. 2013-ஐ அயர்லாந்து அரசு 'கூடும் ஆண்டு' என்றே அறிவித்து, உலகமெங்கும் இருக்கிற ஐரிஷ் வம்சாவளியினரை ஊருக்கு அழைத்தது. பொருளாதாரம் படுத்திருந்த காலம், சுற்றுலா வருமானம் தேவைப்பட்டது. நடிகர் கேப்ரியல் பிர்ன் அப்போதே வானொலியில், இது வெளியூர்ப் பிள்ளைகளிடம் பணம் கறக்கிற வேலை என்று போட்டு உடைத்தார். பெரிய சண்டையே நடந்தது. ஆனால் ஓ'மாலி சங்கம் அதற்கு 60 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. சொந்தத்தைத் தேடிக் கூடுகிறவர்களிடம் கடைக்காரனும் நாலு காசு பார்க்கிறான். நம் ஊர்த் திருவிழாவில் பார்க்காததா?

இப்போது 'பெண் கொடுத்தவன்' வழக்குக்கு வருகிறேன். ஓ'மாலிகள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிற முன்னோர் ஆணல்ல. கிரேஸ் ஓ'மாலி, ஐரிஷில் க்ரானியா. 1530 வாக்கில் பிறந்து 1603 வாக்கில் இறந்தவர். சொந்தக் கப்பல்களும் ஆட்களும் வைத்து அந்தக் கடற்கரையையே ஆட்டிவைத்தவர். ஆங்கிலேயர்கள் கொள்ளைக்காரி என்று எழுதினார்கள். இரண்டு முறை திருமணம் செய்தார், இரண்டு கணவர்களும் வேறு குலம். ஆனாலும் கடைசிவரை அப்பா பெயரால்தான் அறியப்பட்டார். 1593-இல், சிறையில் இருந்த மகனையும் தம்பியையும் மீட்க லண்டனுக்குக் கப்பலில் போய் எலிசபெத் ராணியை நேரில் சந்தித்தார். அந்த மகனின் குலப்பெயர் பர்க், ஓ'மாலி அல்ல. வெஸ்ட்போர்ட் ஊரின் பெரிய மாளிகையைக் கட்டிய பிரவுன் குடும்பத்தாரும், எங்கள் பாட்டி வழியில் நாங்கள் கிரேஸின் வாரிசுகள் என்றே பெருமை பேசினார்கள். அதாவது, இந்தக் குலத்தின் பெரிய கௌரவமே மகள் வழியாக வெளியே போன ரத்தத்தில் இருக்கிறது. பெண் வழியில் வந்தவர்களைத் தள்ளிவைத்தால் அங்கே கூட்டம் பாதியாகிவிடும். அங்கே வந்து, 'என் அம்மாவின் அம்மா ஓ'மாலி' என்று சொல்லிக்கொண்டு கைகுலுக்குகிறவர்களை நிறையப் பார்ப்பீர்கள். நீங்கள் 'என் மகள் ஓ'மாலி வீட்டு மருமகள்' என்று சொன்னால் யாரும் புருவம் உயர்த்தப் போவதில்லை.

ஐரிஷ் மொழியில் பெயரைக் கேட்டாலே அவள் வீட்டுப் பெண்ணா, வந்த பெண்ணா என்று தெரிந்துவிடும். ஆணுக்கு 'ஓ' என்ற அடை, பேரன் அல்லது வழித்தோன்றல் என்று பொருள். அந்த வீட்டில் பிறந்த மகள் என்றால் 'நீ'. வாழவந்த மருமகள் என்றால் 'ஈ'. உச்சரிப்பு அப்படியேதான், நான் விளையாடவில்லை. ஆக, க்ரானியா ஒரு 'நீ', உங்கள் மகள் ஒரு 'ஈ'. பேரனுக்கு 'ஓ' ஏற்கனவே பிறப்புச் சான்றிதழில் ஒட்டியிருக்கிறது. புதிதாகச் சேர்க்க எந்தச் சடங்காலும் முடியாது. உங்கள் ஊர் சாஸ்தாவுக்கும் அவனைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஓ'மாலிகள் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

சம்பந்தியின் பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். 1922-இல் உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்தது. பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரும்பகுதி அதோடு போயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக் கணக்கெடுப்புகள் சிலவற்றை அரசே கூழாக்கிவிட்டது. முழுசாகக் கிடைக்கிற கணக்கெடுப்புகளில் மிகப் பழையவை 1901, 1911 இரண்டும்தான். இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளை 2015-இல் தேசிய நூலகம் இலவசமாகத் திறந்துவிட்டது. 1847 முதல் 1864 வரை நடந்த நிலமதிப்பீட்டுப் பதிவில் குத்தகைதாரர் பெயர்களும் இருக்கின்றன. இவற்றில் தேட மாவட்டப் பெயர் போதாது. கிராமத்தையும்விடச் சிறிய 'டவுன்லேண்ட்' என்ற நிலப்பிரிவின் பெயர் வேண்டும். நாடு முழுக்க அப்படி 60,000-க்கும் மேல் இருக்கின்றன. அந்தப் பெயர் கிடைக்கிற இடம் பெரும்பாலும் அமெரிக்காதான்! பாஸ்டன் கல்லறைக் கல்லில் செதுக்கியிருக்கலாம், தேவாலயத் திருமணப் பதிவில் எழுதியிருக்கலாம், யாரோ பாட்டியின் பெட்டியில் ஊர்க்கடிதம் கிடக்கலாம். முதலில் அதைத் தேடட்டும். பெயர் கைக்கு வந்தபின், உள்ளூர் ஆள் ஒருவருக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தால் அது வீண் போகாது.

ஒரே பெயர் என்பதாலேயே ஒரே ரத்தம் என்றும் நினைக்க வேண்டாம். மர்ஃபி, கெல்லி போன்ற பெயர்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல இடங்களில் தனித்தனியாக முளைத்தவை. ஓ'மாலிகள் பெரும்பாலும் மேயோவின் ஒரே மூலத்தைச் சேர்ந்தவர்கள் என்பது சம்பந்திக்கு அனுகூலம்.

குலச்சின்னம் என்று கண்ணாடிச் சட்டம் போட்டு விற்கிறார்களே, அதை வாங்கிச் சுவரில் மாட்டட்டும், அழகாக இருக்கும். முறைப்படி சின்னம் ஒரு தனி மனிதருக்கு வழங்கப்படுவது. அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான் உரிமை. அந்தப் பெயர் உள்ள எல்லோருக்கும் சொந்தம் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். அசலைப் பார்க்க ஆசையா? கிளூ விரிகுடாவின் வாயிலில் இருக்கிற கிளேர் தீவுக்குப் படகு போகிறது. அங்கே பாழடைந்த மடாலயத்தின் உள்ளே ஓ'மாலிகளின் சின்னம் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது: 'நிலத்திலும் நீரிலும் வல்லவர்' என்ற லத்தீன் வரியோடு. கிரேஸை அங்கேதான் அடக்கம் செய்தார்கள் என்பது ஊர் வழக்கு. கூரையில் பழங்கால வண்ண ஓவியங்கள் மங்கலாக இன்னும் இருக்கின்றன. பேரனைத் தூக்கிக் காட்டுங்கள். குலத்தலைவர் பட்டம் தருகிறேன் என்று எவராவது வந்தால் மட்டும் சம்பந்தியின் பர்ஸைப் பிடுங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பொய் வம்சாவளி காட்டி அரசையே ஏமாற்றி அப்படி ஒரு பட்டத்தை ஒருவர் வாங்கி, அது 1999-இல் அம்பலமாகி மானம் போனது. 2003-இலிருந்து அரசு எந்தத் தலைவரையும் அங்கீகரிப்பதில்லை.

சீர் வேண்டவே வேண்டாம். இதற்கும் கிரேஸ் சாட்சி. லண்டன் அதிகாரிகள் அனுப்பிய 18 கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில்கள் இன்றும் இருக்கின்றன. அதில் ஒரு பதில் இது: எங்கள் வழக்கத்தில் விதவைக்குத் தான் கொண்டுவந்த சீர் மட்டும்தான் திரும்பக் கிடைக்கும்; அதையும் கணவன் செலவழித்துவிட்டுக் கடனோடு செத்தால் ஒன்றுமில்லை. 430 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு மாமியார் வயதுப் பெண்மணி ராணியின் அலுவலகத்துக்குச் சொன்னது! கோவில்பட்டிக் கடலை மிட்டாய் நாலு பொட்டலம் கொண்டுபோங்கள், அயர்லாந்துக்காரர்கள் குடிக்கிற தேநீருக்குப் பொருத்தம். பால்கோவா வேண்டாம், வெளிநாட்டிலிருந்து பயணிகள் பால், இறைச்சிப் பொருள்களைக் கொண்டுவர அங்கே தடை. அல்வாவிலும் நெய் இருப்பதால் வம்பை விலைக்கு வாங்காதீர்கள். அதைவிட நல்ல பரிசு, உங்கள் தாத்தா பாட்டி காலத்துப் புகைப்படத்தின் பிரதி, பின்னால் பெயர்களும் ஊரும் எழுதியது. அங்கே வருகிறவர்கள் பெயரும் ஊரும் தேடித் தவிக்கிறவர்கள். அதன் அருமை அவர்களுக்குத் தெரியும்.

விருந்துக்குப் பட்டுச்சேலை கட்டலாம், மேலே ஸ்வெட்டர் கட்டாயம். ஜூன் மாதமானாலும் அங்கே நமக்கு மார்கழிக் குளிர், மழை எந்நேரமும் வரும். படகுக்கு நல்ல பிடிமானமுள்ள செருப்பு.

கடைசியாக விசா. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா அயர்லாந்துக்குச் செல்லாது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அழைப்புக் கடிதம் இருந்தால் நல்லது. சம்பந்தியிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள், இரண்டு பேர் பெயரையும் போட்டே எழுதச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்காரர் பெயரை முதலில் போடட்டும்.