பி.எஸ்சி. கணிதத்தில் எதை உருப்படியாகக் கற்க வேண்டும்?

பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்திருக்கிறீர்கள், மூன்று வருடத்தில் எதைப் பிடித்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் நிரூபணம். மனப்பாடம் செய்தும் மார்க் வாங்கலாம்தான். ஆனால் 1 + 1/2 + 1/3 + 1/4… என்ற தொடரைப் பாருங்கள். உறுப்புகள் பூஜ்யத்தை நெருங்குகின்றன, கூட்டுத்தொகையோ எல்லையில்லாமல் வளர்கிறது. 10-ஐத் தாண்டவே 12,367 உறுப்புகள் வேண்டும். கால்குலேட்டரில் தட்டினால் எங்கோ நின்றுவிடும் என்றே தோன்றும். 1/3 + 1/4 அரையைவிடப் பெரிது, அடுத்த நான்கு உறுப்புகளும் சேர்ந்தால் அப்படியே, அதற்கடுத்த எட்டும் அப்படியே என்று கவனித்தால் விஷயம் பிடிபடும்: அரை அரையாகக் கூடிக்கொண்டே போவதற்கு முடிவில்லை. 14-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் ஒரேம் சொன்ன வாதம் இது. இப்படி ஒரு வாதத்தை நீங்களே கட்டப் பழகுங்கள்.

அப்புறம் நிகழ்தகவு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. சராசரியை மட்டும் நம்பி வடிகால் கட்டினால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பரவலையும் (மதிப்புகள் எப்படிச் சிதறியிருக்கின்றன என்பது) விளிம்பு மதிப்புகளையும் (அரிதாக வரும் மிகப் பெரிய, மிகச் சிறிய மதிப்புகள்) படியுங்கள்.

நேரியல் இயற்கணிதமும் (அணிகள், திசையன்கள் பற்றியது) கொஞ்சம் பைதான் நிரல்மொழியும் வேலைக்கு உதவும். தொகையிடல் தந்திரங்கள் பாதி மறந்தாலும் பரவாயில்லை, கணினி போட்டுக்கொடுக்கும்.