வாடகை கொடுப்பது தண்டமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: குரோம்பேட்டையில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் எட்டு வருஷமாக வாடகைக்கு இருக்கிறோம். வந்தபோது சம்பளம் 31,000, வாடகை 8,000. இப்போது கைக்கு வருவது 46,000, வாடகை 15,000. தை பிறந்ததும் 17,000 தர வேண்டும், இல்லாவிட்டால் காலி செய்யச் சொல்கிறார் ஹவுஸ் ஓனர். எதிர் ஃபிளாட் 60 லட்சத்துக்கு விலைக்கு வந்திருக்கிறது. “வாடகை கொடுக்கிறதே தண்டம், அதை இ.எம்.ஐ.யா கட்டு” என்கிறார் மாமனார். கையில் 9 லட்சம் இருக்கிறது. வாங்கலாமா?
– ஒரு வாசகர், குரோம்பேட்டை

பதில்: வேண்டாம். மாமனார் அடுத்த தடவை வரும்போது காபியோடு ஒரு பேப்பரும் பேனாவும் கொடுங்கள். 60 லட்ச ரூபாய் வீட்டுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி 80 சதவீதம், அதாவது 48 லட்சம்தான் கடன் கிடைக்கும். மீதி 12 லட்சம் கைக்காசு. பழைய ஃபிளாட் என்பதால் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். முழு விலைக்குப் பத்திரம் போட்டால் அது ஒரு 5,40,000. சாவி கைக்கு வருவதற்குள் பதினேழு லட்சத்துக்கு மேல் போயிருக்கும். உங்களிடம் இருப்பது 9. பாக்கிக்கு வீட்டம்மா நகையைக் கணக்கில் வைத்திருப்பீர்கள், அதையும் கேள்வியில் எழுதியிருக்கலாம்.

அப்புறம் இ.எம்.ஐ. 48 லட்சம், 8 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதம் 40,150 ரூபாய். மிச்சம் 5,850-இல் பால், கேஸ், ஸ்கூல் ஃபீஸ், மெயின்டனன்ஸ் எல்லாம் நடக்க வேண்டும். உங்கள் சம்பளத்துக்கு அவ்வளவு கடன் கொடுக்க எந்த வங்கியும் யோசிக்கும். சம்பளத்தில் பாதியை அப்படியே தவணைக்கு ஒதுக்கினால்கூட இருபத்தேழு லட்சம் சொச்சம்தான் தேறும்.

சரி, தண்டம் விஷயத்துக்கு வருவோம். ஓனர் கேட்கிற 17,000-ஐயே வையுங்கள், வருஷத்துக்கு 2,04,000, அது 60 லட்சத்தில் 3.4 சதவீதம். வங்கி வாங்குவது 8. ஒரே மாதிரி வீட்டில் குடியிருக்க ஓனருக்கு மூன்றரை கொடுத்தால் தண்டம், வங்கிக்கு எட்டு கொடுத்தால் சேமிப்பா? விலை ஏறுமே என்பார் மாமனார். ஏறலாம்தான், ஆனால் ஏறுவது உங்கள் பங்குக்கு வரும் மனை, அதாவது யூ.டி.எஸ்.; கட்டடம் வருஷா வருஷம் பழசாகிக்கொண்டே இருக்கும். அந்த ஃபிளாட்டுக்கு யூ.டி.எஸ். எத்தனை சதுர அடி என்று விசாரித்தீர்களா?

முன்பு சம்பளத்தில் கால் பங்கு வாடகைக்குப் போனது, இனி மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே போகப்போகிறது. வயிற்றெரிச்சல்தான். ஆனால் வாடகையில் ஏறும் 2,000-க்குப் பயந்து 40,000-இல் போய் விழாதீர்கள். ஓனரிடம் உட்கார்ந்து பேசுங்கள். நீங்கள் காலி செய்து வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் அவருக்கு 15,000 போச்சு, பெயின்ட் செலவு வேறு. 16,000 தருகிறேன், இரண்டு வருஷத்துக்கு ஏற்றக் கூடாது என்று கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். 2019-இல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். அட்வான்ஸ்கூட, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அந்த ‘எழுதாத வரை’யில்தான் சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் மொத்தமும் குடியிருக்கிறது.

கேள்வி: 9 லட்சம் கொடுத்தால் மூன்று வருஷத்துக்கு வாடகையே வேண்டாம், காலி செய்யும்போது பணத்தைத் திருப்பித் தருகிறேன், லீசுக்கு வாருங்கள் என்கிறார் ஒரு ஹவுஸ் ஓனர். போகலாமா?
– ஒரு வாசகி, ஊரப்பாக்கம்

பதில்: அசல் பத்திரம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். “பேங்க்ல இருக்கு” என்று பதில் வந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள், அவர் தவணை கட்டாமல் வீடு ஏலத்துக்குப் போனால் உங்கள் 9 லட்சத்துக்கு நீங்கள்தான் அலைய வேண்டும். கையில் இருக்கிறது என்றாலும் வீட்டின் மேல் அடமானம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். 20 ரூபாய் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று அவர் சொன்னால், பணத்தை எண்ணவே ஆரம்பிக்காதீர்கள்.