1970-களின் பின்பால் மெஷின்: ப்ளேஃபீல்டில், அதாவது குண்டு உருளும் பலகையில், பெயிண்ட் உதிர்ந்து, இன்சர்ட்கள் (விளக்குகளுக்கு மேல் பதித்த பிளாஸ்டிக் துண்டுகள்) குழிந்துவிட்டன. மேலே க்ளியர்கோட் என்ற நிறமில்லாப் பூச்சு அடித்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. க்ளியர்கோட் எதையும் சரிசெய்யாது. அடியில் இருப்பதை அப்படியே பூட்டி வைக்கும், அவ்வளவுதான். குழி இருந்தால் பளபளக்கும் குழிதான் கிடைக்கும். வேலையில் முக்கால்வாசி ஸ்ப்ரே கன்னைத் தொடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

சிகாகோவின் பாலி நிறுவனம் 1977-ல் வெளியிட்ட ‘எய்ட் பால்’ மெஷினை வைத்தே சொல்கிறேன். 20,230 மெஷின்கள் தயாரான மாடல் என்பதால் அமெரிக்காவில் இன்றும் கைக்குக் கிடைக்கிறது. அந்தக் காலத்து ப்ளேஃபீல்ட் என்பது அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான ப்ளைவுட் பலகை. மேலே ஸ்க்ரீன் பிரிண்ட்டில் வண்ணங்கள், அதற்கும் மேலே லேக்கர் என்ற மெல்லிய வார்னிஷ் பூச்சு. 1990-ஐ ஒட்டி வந்த மெஷின்களில் இருக்கும் கெட்டியான யூரித்தேன் பூச்சு இதில் கிடையாது. 27 மில்லிமீட்டர் விட்டமும் 80 கிராம் எடையும் உள்ள எஃகுக் குண்டு பல ஆண்டுகள் உருண்டால் லேக்கர் தேயும், பிறகு பெயிண்ட், பிறகு மரம்.

முதலில் இந்தப் பலகை காப்பாற்றத் தகுந்ததா என்று பாருங்கள். டார்ச்சைப் பலகைக்கு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தால் மேடுபள்ளம் எல்லாம் நிழலாகத் தெரியும். எஃகு ஸ்கேலை இன்சர்ட்களின் மேல் குறுக்கே வைத்து, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று கவனியுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெயிண்ட் போயிருந்தால், அந்த மாடலுக்குப் புதிதாக அச்சிட்ட ப்ளேஃபீல்ட் விற்பனையில் இருக்கிறதா என்று தேடுவதே புத்திசாலித்தனம். மேலே ஒட்டும் அச்சிட்ட பிளாஸ்டிக் தாளான ஓவர்லே எனக்கு ஒப்பாத வழி; ஓரம் தூக்கும், இன்சர்ட்டோடு சரியாகப் பொருந்தவும் பொருந்தாது.

கழற்றும்போது இரு பக்கமும் ஏராளமாகப் போட்டோ எடுங்கள். அடிப்பக்க வயர் கட்டை அறுக்க வேண்டாம். காயில்களையும் விளக்கு சாக்கெட்களையும் அவிழ்த்து, மொத்தக் கட்டையும் ஒரே துண்டாகத் தூக்கி, துளைகளின் இடம் குறித்த அட்டையில் பொருத்தி வையுங்கள். பொது விளக்குகளுக்கான உறையில்லாக் கம்பி ஸ்டேப்ளர் பின்னால் அடிக்கப்பட்டிருக்கும். அதைப் பொறுமையாக நெம்ப வேண்டும். இழுத்தால் மரத்தோடு பிய்ந்து வரும். மேல்பக்கம் வெறுமையானதும் பலகையை ஃப்ளாட்பெட் ஸ்கேனரின் மேல் கவிழ்த்து, 600 டிபிஐ-யில் பகுதி பகுதியாக ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். பின்னால் எழுத்துகளை டீகாலாக (ஒட்டுப்படமாக) அச்சிடவும் நிறம் ஒப்பிடவும் இது ஒன்றுதான் ஆதாரம்.

சுத்தம் செய்யத் தண்ணீர் கூடவே கூடாது. தேய்ந்த இடங்களில் மரம் குடித்து உப்பிவிடும். முதலில் நாஃப்தா என்ற பெட்ரோலியக் கரைப்பான். அதற்கு அசையாத கறுப்புச் சுழல் கறைகளுக்கு மெலமைன் ஸ்பாஞ்சும் 91 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும். மெலமைன் பார்ப்பதற்குத்தான் மென்மை. வேலையில் அது உப்புத்தாள். ஸ்பாஞ்சில் சிவப்போ நீலமோ ஏறினால் லேக்கர் முடிந்து பெயிண்டைத் தொட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், அங்கேயே நிறுத்துங்கள். குண்டை உதைத்துத் தள்ளும் பம்பர்களைச் சுற்றி மைலார் என்ற பாதுகாப்பு பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருந்தால், பெயிண்ட் உறுதியாக உள்ள இடத்தில் ஏர் டஸ்டர் கேனைத் தலைகீழாகப் பிடித்துக் குளிர்வித்து உரிக்கலாம். பெயிண்ட் தளர்ந்திருந்தால் இதே வழி பெயிண்டையும் சேர்த்துப் பிடுங்கும். அப்போது ஹேர் டிரையரால் மெல்லச் சூடாக்கி உரித்து, தங்கும் பசையை மைதாவும் ஆல்கஹாலும் குழைத்துத் தேய்த்து எடுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் இதைவிடப் பாதுகாப்பான வழி குறைவு.

இனி இன்சர்ட்கள். அடியில் விளக்கெரியும் அந்தப் பிளாஸ்டிக் துண்டுகள் பசையால் மட்டுமே நிற்கின்றன. ஈரப்பதத்தில் மரம் விரிந்து சுருங்கும், விளக்குச் சூட்டில் பசை காயும், மேலே குண்டு அடிக்கும். விளைவாக ஒன்று தூக்கும், ஒன்று அமிழும், ஒன்று நடுவில் மட்டும் குழியும். முதல் இரண்டுக்கும் ஒரே மருந்து: அடியிலிருந்து இதமாகச் சூடாக்கி, இன்சர்ட்டை வெளியே தள்ளி, பழைய பசையைச் சுரண்டி, நிதானமாக இறுகும் எபாக்ஸி தடவி மறுபடி உட்காரவைப்பது. மேல்முகத்தில் மெழுகுத்தாளும் தட்டையான கட்டையும் வைத்து, கீழிருந்து அழுத்தி, க்ளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். சூப்பர் க்ளூ வேகமானது, ஆனால் அதன் ஆவி பிளாஸ்டிக்கில் வெள்ளை மூட்டம் போடும். அசிட்டோனைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், இன்சர்ட் கரையும். நடுக்குழி விழுந்ததை நிமிர்த்த முடியாது. முதல் சுற்று க்ளியர் அடித்த பிறகு, அதே க்ளியரைத் துளிசொட்டியால் அடுக்கடுக்காக நிரப்பி, காயவிட்டு, கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் சமன்செய்ய வேண்டும். விரலால் தேய்த்தால் குழியும் கூடவே இறங்கும், மட்டம் வராது.

உதிர்ந்த இடங்களில் பெயிண்ட் டச்சப் தொடங்கும் முன் மெல்லிய க்ளியர் ஒரு சுற்று அடித்து, 600-ம் எண் உப்புத்தாளால் மங்கலாக்கிக்கொள்ளுங்கள். மூலப் பெயிண்ட் இதற்கடியில் பத்திரமாக இருக்கும். மேலே போடும் அக்ரிலிக் சரியில்லை என்றால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். நிறம் சேர்ப்பதில் பெரும்பாலானோர் சறுக்குவது ஒரே இடத்தில்: உப்புத்தாள் போட்ட பரப்பு வெளிறித் தெரியும், அந்த வெளிறலுக்குப் பொருத்திக் கலந்துவிடுவார்கள். நாஃப்தா நனைத்த துணியால் ஒரு தடவை துடையுங்கள். அது ஆவியாகும் வரை உள்ள சில நொடிகள், க்ளியருக்கு அடியில் வரப்போகும் நிஜ நிறம் கண்ணுக்குத் தெரியும், அதற்குப் பொருத்துங்கள். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பழைய பலகையின் வெள்ளை வெள்ளையே இல்லை; மஞ்சள் ஓக்கர் ஒரு ஊசிமுனை சேர்க்காவிட்டால் புதுப் பெயிண்ட் தேமலாகத் துருத்தும். பெரிய பரப்புக்கு மாஸ்கிங் ஃபிலிம் வெட்டி ஏர்பிரஷ். பெயிண்ட் முழுதாகக் காயும் முன் ஃபிலிமை உரித்தால் ஓரம் கூர்மையாக நிற்கும். இன்சர்ட்டைச் சுற்றிய கறுப்பு வளையத்துக்கு மார்க்கர் பேனா வேண்டவே வேண்டாம், க்ளியரில் உள்ள கரைப்பான் பட்டதும் அந்த மை கசிந்து பரவும்.

க்ளியர் என்று நான் சொல்வது ஹார்ட்னர் கலக்கும் கார் க்ளியரை, பெயிண்டர்கள் 2கே என்பது. ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதற்கு எச்சரிக்கை தரும் அளவுக்கு வாசனை கிடையாது, கரி ஃபில்டர் தீர்ந்துபோனாலும் உங்களுக்குத் தெரியாது. ஒருமுறை நுரையீரல் ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளி பட்டாலே ஆஸ்துமா. வெளிக்காற்று வரும் முகக்கவசம் இல்லையென்றால் பலகையைக் கார் பெயிண்ட் பூத் உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள். அடியில் சின்னப் பித்தான் அழுத்தி ஹார்ட்னரை உடைத்துக் கலக்கும் 2கே கேனுக்கும் இதே விதிதான்.

துளைகளைக் கீழிருந்து டேப்பால் அடையுங்கள். பலகை படுக்கைவாக்கில், லெவல் பார்த்து இருக்கட்டும். பழைய லேக்கரின் மேல் 2கே கனமாக விழுந்தால் சுருக்கம் விழும். அதனால் பலகையின் கீழ்முனையை மூடும் ஏப்ரன் தகட்டுக்கு அடியில் மறையும் மூலையில் முதலில் சோதித்துப் பாருங்கள். சோதனை தேறினாலும் முதல் கோட் தூசிபோல் மெல்லியதாகவே இருக்கட்டும். 1.3 மில்லிமீட்டர் நாஸில், 20 முதல் 25 டிகிரி வெப்பம், கோட்டுக்கு இடையில் 10–15 நிமிடம், ஒரு சுற்றுக்கு மூன்று கோட். அவசரப்பட்டுக் கனமாக அடித்தால் உள்ளே சிக்கிய கரைப்பான் குமிழியாக வெடிக்கும். மீன்கண் போல வட்ட வட்டமாகப் பூச்சு விலகினால் காரணம் சிலிக்கான், அதாவது யாரோ எப்போதோ போட்ட பாலிஷ். ஒரு நாள் காயவிட்டு, 600-ல் மட்டமாகத் தேய்த்து, இன்னும் இரண்டு கோட் போதும். கண்ணாடிபோலத் தெரிய வேண்டும் என்று மேலே மேலே ஏற்றினால் போஸ்ட்களை (பலகையில் முடுக்கும் சின்னத் தூண்களை) சுற்றிச் சில்லு சில்லாகப் பெயரும்.

மெருகுக்கு 1000, 1500, 2000, 3000 எண் உப்புத்தாள்கள், பிறகு ரப்பிங் காம்பவுண்ட். துளை விளிம்புகளில் பூச்சு சீக்கிரம் தேய்ந்து பெயிண்ட் வெளிப்படும், அங்கே கை லேசாக ஓடட்டும். அடுத்து ஒரு மாதம் பலகையைத் தொடாதீர்கள். தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், ஆனால் போஸ்ட்டை முடுக்கினால் அதைச் சுற்றிக் க்ளியர் பிதுங்கும். பூட்டும் முன் ஒவ்வொரு ஸ்க்ரூ துளை வாயையும் கவுண்டர்சிங்க் பிட்டால் கையாலேயே திருகிச் சரித்துவிடுங்கள். இல்லையேல் முதல் சுற்றிலேயே ஸ்க்ரூ பூச்சைத் தூக்கும். அடிப்பக்கம் மரத்தில் பதியும் முள் நட்டான டி-நட்டைச் சுத்தியலால் அடித்தால் மேல்பூச்சு விரியும், எதிர்ப்பக்கம் வாஷர் வைத்து போல்ட்டால் இழுத்து உட்காரவையுங்கள்.

குண்டைப் புதிதாக மாற்றுங்கள், துருப்புள்ளி விழுந்த பழைய குண்டு உப்புத்தாளுக்குச் சமம். விளக்குகளில் 0.25 ஆம்பியர் இழுக்கும் 44-ம் எண் பல்புக்குப் பதில் 0.15 ஆம்பியர் இழுக்கும் 47 போடலாம், அல்லது எல்இடி. சூடு குறைந்தால் நீங்கள் ஒட்டிய இன்சர்ட்கள் இடத்தில் நிற்கும்.