பில்கியை “வாயடைத்தார்கள்” என்று சொல்லலாமா?

கல்லூரி விவாதத்தில் பேரிடர், பருவநிலைக் கொள்கை பற்றி எழுதும் அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் பில்கி ஜூனியர், புள்ளிவிவரங்களை வைத்துச் செய்தி எழுதிய ஃபைவ்தர்ட்டிஎய்ட் (FiveThirtyEight) இணையதளத்தை விட்டுப் போனதைத் “துரத்தப்பட்டார்” என்று பேசுவதா, “பொய் சொல்லி மாட்டினார்” என்று பேசுவதா எனக் கேட்டிருந்தீர்கள். இரண்டுமே வேண்டாம்.

முதலில், அவர் பருவநிலை மாற்றத்தை மறுப்பவர் இல்லை. மனிதர்களால்தான் புவி சூடாகிறது என்று ஏற்றுக்கொண்டவர், கார்பன் வரியையும் ஆதரித்தவர். எதிரணி இதை எடுத்துவிட்டால் உங்கள் பேச்சு அங்கேயே படுத்துவிடும்.

சண்டை அந்தத் தளத்தில் அவர் எழுதிய 2014 மார்ச் கட்டுரையில் ஆரம்பித்தது. பேரிடர் நஷ்டம் ஏறுவதற்குக் காரணம் உலகில் சொத்து பெருகியதுதான், உலக ஜிடிபியோடு (மொத்த உற்பத்தி மதிப்போடு) ஒப்பிட்டால் ஏற்றமே இல்லை என்றார். சொத்துக் கணக்கு சரிதான். ஆனால் பணம் சேரச் சேர ஒரு நாடு உறுதியான வீடு கட்டுகிறது, முன்கூட்டியே புயல் எச்சரிக்கை தருகிறது, அப்போது நஷ்ட விகிதம் குறைய வேண்டாமா? குறையாமல் நிற்பதே ஒரு தடயமாக இருக்கலாம், அதைப் பார்க்காமல் தலைப்பிலேயே “பருவநிலை மாற்றம் காரணமல்ல” என்று அடித்துச் சொன்னதுதான் என் பார்வையில் பெரிய பிழை.

விமர்சனம் குவிந்ததும் தளத்தின் ஆசிரியர் நேட் சில்வர், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் புயல்களை ஆராயும் விஞ்ஞானி கெர்ரி இமானுவேலிடம் மறுப்புக் கட்டுரை வாங்கிப் போட்டார். நல்ல பத்திரிகை செய்ய வேண்டியது அதுதான். பில்கி அந்த ஆண்டே விலகிவிட்டார். சிலர் அதைக் கொண்டாடியது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, ஏனென்றால் ஆள் போனதால் அந்த ஜிடிபி கேள்விக்கு விடை வந்துவிடவில்லை. உங்கள் நேரத்தை அந்தக் கேள்விக்கே கொடுங்கள்.