ஆசாரிப்பள்ளம் வேண்டாம் என்கிறாள் அம்மா

அன்புள்ள அண்ணனுக்கு,

திருவட்டாறு பக்கம் எங்கள் வீடு. பெயர் போட வேண்டாம். தம்பிக்கு 24 வயது, ரப்பர் பால் வெட்டுகிறான். யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் விழுகிறது என்று ஒன்றரை வருடமாகச் சொல்கிறான். மந்திரவாதி, ஜெபம் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு டாக்டரிடம் காட்டியதில் நன்றாகத் தேறினான். மூன்று மாதத்தில் மாத்திரையை அவனே நிறுத்திவிட்டான். இப்போது மறுபடியும் ஆரம்பித்திருக்கிறது. நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போகலாம் என்றால் அம்மா சம்மதிக்கவில்லை. அங்கே நம் ஊர்க்காரர்கள் வேலை பார்க்கிறார்களாம். எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். திருவனந்தபுரம் போகலாமா, மதுரைக்குப் போகலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

ஆசாரிப்பள்ளத்துக்கே கூட்டிப்போங்கள். காரணம் பஸ்தான்.

என் சித்தப்பா ஒருவர் தக்கலையில் தையல்கடை வைத்திருந்தார். எண்பதுகளில் அவருக்கு இந்த நோய் வந்தபோது தாத்தா எடுத்த முதல் முடிவு, நாகர்கோவிலில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்பது. மாதம் ஒருநாள் விடியுமுன் பஸ் ஏறி திருவனந்தபுரம் போவார்கள். மாத்திரையும் அங்கேயே வாங்குவார்கள். உள்ளூர் மருந்துக்கடைக்காரருக்குத் தெரிந்துவிடும் அல்லவா. ஊருக்குச் சொன்ன பொய், தீராத தலைவலி. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு ஆனி மழை, அந்த மாதம் போக முடியவில்லை. அடுத்த மாதம் ஒரு கல்யாணம். மூன்றாவது மாதம் 'ஆள் நன்றாகத்தானே இருக்கிறான்' என்று விட்டுவிட்டார்கள். ஆறு மாதத்தில் தையல்கடையைப் பூட்டினோம்.

இத்தனை ஒளித்தும், ஊர் அவருக்கு வைத்த பெயர் 'ஊளம்பாறை'. சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ நமக்கு ஊளம்பாறை அப்படி. திருவிதாங்கூர் காலத்தில், 1870ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய மனநல மருத்துவமனை அது. 1956ல் நம் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. வரும்போது அந்த ஏச்சையும் பத்திரமாகக் கையோடு கொண்டுவந்துவிட்டோம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது தம்பியின் தொழில். பால் வெட்டுகிறவன் விடியும் முன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் நிற்க வேண்டும். இந்த நோய்க்கான மாத்திரைகள் பலவும் தூக்கம் தருபவை. சிலருக்குக் கையும் நடுங்கும். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் பட்டை கெடும், முதலாளி ஏசுவார். அவன் மாத்திரையை நிறுத்தியதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அவனிடம் கேட்டீர்களா? அவன் ரப்பர் வெட்டுகிறவன் என்று அந்த டாக்டருக்குத் தெரியுமா? அளவை மாற்றலாம், சாப்பிடும் வேளையை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம். தினமும் விழுங்க முடியாதவர்களுக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. ஆனால் சோற்றில் தெரியாமல் கலந்து கொடுக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தனக்கு எதிராக ஏதோ நடக்கிறது என்று பயப்படுகிறவன் அதைக் கண்டுபிடித்தால், அவன் பயந்தது உண்மை என்று நாமே நிரூபித்த மாதிரி ஆகிவிடும்.

குரல் கேட்கிறது என்றால் 'சும்மா இரு, ஒன்றும் இல்லை' என்று வாதாட வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். 'எனக்குக் கேட்கவில்லை. உனக்குப் பயமாக இருக்கும், இல்லையா?' என்றால் போதும்.

அம்மாவின் ஜெபம் அதன் பாட்டுக்கு நடக்கட்டும், மாத்திரையும் கூடவே போகட்டும். கட்டிப்போடும் இடத்துக்கு மட்டும் யார் சொன்னாலும் அனுப்பாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் எரிந்துபோனார்கள். 2017ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியில் பிணைப்பதைத் தடை செய்திருக்கிறது.

ஆஸ்பத்திரி வாசலில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அம்மா இன்னும் தயங்கினால், முதலில் 14416க்குப் போன் போட்டுக் கொடுங்கள். டெலி மானஸ், அரசின் இலவச எண், தமிழில் பேசுவார்கள், முகம் காட்ட வேண்டியதில்லை. அதுவரை உள்ளே அடக்கி வைத்திருந்ததை அம்மாவும் கொஞ்சம் பேசட்டும்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள் என்பேன். எழுதுகிற எனக்கு இது எளிது, தெரியும். ஆனால் கேட்டதும் எழுந்து போகிறவர்கள் பந்தல் போட்ட பிறகு போவதற்கு இப்போதே போகட்டும்.

அடுத்த கடிதத்தில் தம்பி நாளைக்கு எத்தனை மரம் வெட்டுகிறான் என்று எழுதுங்கள்.