சுழல்பாதையில் நடந்து தியானிப்பது

கேள்வி: ஐயா, தியான முகாமொன்றில், லபிரிந்த் எனப்படும் சுழல்பாதையைத் தரையில் வரைந்து, அதில் மௌனமாக நடக்கச் சொன்னார்கள். மனம் ஆறியது. ஆனால் அம்மா, “கோயில் வீதியைச் சுற்றிக் கும்பிடுகிற நமக்கு இந்த வேதக்காரர் வழக்கம் எதற்கு?” என்கிறார். கல்லடிக் கடற்கரையில் நானே வரைந்து நடக்கலாமா?
– வாசகி, கல்லடி

பதில்: தாராளமாக நடக்கலாம், மகளே. பிரான்ஸில் சார்த்ர் பேராலயத்தின் தரையில் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிக்கப்பட்ட 11 சுற்றுப் பாதைதான் இன்று பலரும் பின்பற்றும் மாதிரி. ஏறத்தாழ 13 மீற்றர் விட்டத்துக்குள் 260 மீற்றருக்குச் சற்று அதிகமான நடையை அது அடக்கி வைத்திருக்கிறது. எருசலேமுக்குப் போக முடியாதவர்கள் அதற்கு ஈடாக இதில் நடந்தார்கள் என்று பரவலாகச் சொல்லப்பட்டாலும், அக்காலத்து ஆவணங்களில் அதற்குத் தெளிவான சான்று இல்லை. ஓசேர் பேராலயத்தில் உயிர்ப்புப் பெருவிழாவன்று குருமார் சுழல்பாதையின் மேல் பந்தெறிந்து ஆடியதும், அவ்வழக்கம் 1538இல் நிறுத்தப்பட்டதுமே பதிவாகியுள்ளன. (அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.) மௌன நடையாக இது பெரிதும் பரவியது 1990களில், சான் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் பேராலயத்தைச் சேர்ந்த லோரன் ஆர்ட்ரெஸ் என்னும் பெண் குருவின் முயற்சியால். வடிவமோ கிறிஸ்தவத்துக்கு முந்தியது. கிரேத்தாத் தீவின் பழைய நாணயங்களில் உள்ளது. கர்நாடகத்தின் ஹளேபீடு கோயிற் சிற்பத்தில் அபிமன்யு புகுந்த சக்கரவியூகமும் இவ்வடிவிலேயே செதுக்கப்பட்டிருக்கிறது.

கோயில் வீதியில் மூலவர் எப்போதும் நம் வலப்பக்கத்திலேயே இருக்கிறார். சுழல்பாதையிலோ நடுவிடம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்து, அடுத்த திருப்பத்தில் விலகிவிடுகிறது. ஆனாலும் இதில் கிளைவழியோ முட்டுச்சந்தோ இல்லாததால், எந்தப் பக்கம் திரும்புவது என்று யோசிக்கும் வேலை மனத்துக்கு இல்லை. உகந்தையிலிருந்து காட்டுவழியே கதிர்காமத்துக்கு நடப்பவர்களுக்கும் ஆயித்தியமலை மாதாவிடம் நடந்து போகிறவர்களுக்கும், கால் தன்பாட்டில் நடக்க நாவில் நாமம் தொடரும் அந்த நிலை பழக்கமானது. இதனை அதன் சிறிய வடிவமாகவே நான் கருதுகிறேன்.

வரைவதற்கு 7 சுற்று வடிவமே எளிது. நடுவில் ஒரு சிலுவைக் குறி, அதன் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு வளைகோடு, அவற்றுக்கு வெளியே நான்கு புள்ளிகள். பிறகு புள்ளிக்கோலம் போல முனைகளை வரிசையாக வளைத்து இணைக்க வேண்டும். பாதை 2 அடி அகலமென்றால் 30 அடிக்கு மேல் இடம் வேண்டும். அதிகாலையில், அலை வந்து அழிக்காத ஈர மணலில் வரையுங்கள். நுழையுமுன் சற்று நின்று, ஒரு மந்திரத்தையோ செபத்தையோ மூச்சையோ பற்றிக்கொண்டு நடந்து, நடுவில் வேண்டிய மட்டும் தங்கி, வந்த வழியே திரும்புங்கள். தலைசுற்றல் உள்ளவர்கள் திருப்பங்களில் மெதுவாகச் செல்ல வேண்டும்.

கேள்வி: முழங்கால் வலியால் நடக்க முடியாதவர்களுக்கு வழியுண்டா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: உண்டு. இத்தாலியின் லூக்கா பேராலய முகப்பில், விரலால் தொடரத்தக்க அளவில் கல்லிலே செதுக்கிய சுழல்பாதை ஒன்று இருக்கிறது. நீங்களும் தாளில் வரைந்து, வழக்கமாக எழுதாத கையின் விரலால் தொடருங்கள். அந்தக் கை தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும்.